கியூபாவுக்குத் தகரம் அடித்த கதை

மன்னார்குடி
நவம்பர் 9

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. மழைக்கு நான்கு நாள் விடுமுறை விட்டார்கள், அப்போதாவது எழுதியிருக்கலாம். கூடம் ஒழுகியதில் புத்தக அலமாரியை இங்கும் அங்கும் நகர்த்தியே பொழுது போய்விட்டது. முட்டி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா? செய்யமாட்டாய், தெரியும். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இனி உனக்குத் தனியாகப் பயிற்சி எதுவும் வேண்டாம், அவள் பின்னால் ஓடினால் போதும்.

"ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது, உனக்கு எதற்கடி வகுப்பில் இந்த நாடகமெல்லாம்" என்று கேட்டிருந்தாய். முதலில் அது நாடகம் இல்லை. நாடகத்தில் வசனம் நம் கையில் இருக்கும். இதில் ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து, அந்த நாட்டுக்கு என்ன தெரியும், என்ன பயம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு ரகசியத் தாளும் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்பதுதான் எனக்குக் கஷ்டம். முப்பது வருஷமாக வாய் ஓயாமல் பேசியே பழகியவள் இல்லையா.

1962 அக்டோபர், கியூபா ஏவுகணை நெருக்கடி. நினைவிருக்கிறதா, திருச்சியில் எம்.ஏ. படித்தபோது அந்தப் பதின்மூன்று நாளையும் நீ தேதி பிசகாமல் ஒப்பிப்பாய். 16-ஆம் தேதி கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகள் இருப்பதைக் காட்டும் புகைப்படங்கள் அமெரிக்க அதிபர் கென்னடி கையில், 22-ஆம் தேதி தொலைக்காட்சிப் பேச்சு, 28-ஆம் தேதி சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக இறங்கிவந்தார். பனிப்போர் பாடம் வரும்போதெல்லாம் எனக்கு உன் குரல்தான் காதில் விழும்.

போன வருஷம் முதல் தடவையாக நடத்தினேன். நன்றாகச் சொதப்பினேன். உனக்கு அப்போது பெருமையாக எழுதினேனே, அது பாதி பொய். ஐ.நா. பாதுகாப்பு சபையை அப்படியே வகுப்பில் வைத்தேன். அன்றைக்கு அதில் பதினோரு உறுப்பினர்கள்தான், பதினைந்து ஆனது பிறகு. கானா, அயர்லாந்து, சிலி என்று எல்லாவற்றுக்கும் ஆள் போட்டு, பெயர்ப்பலகை எழுதி, மேசைக்குப் பச்சைத் துணி விரித்தேன். அந்த மாதம் சபைக்குத் தலைமை யார் தெரியுமா? சோவியத் பிரதிநிதி சோரின். குற்றம் சாட்டப்பட்டவரே சபைத் தலைவர்! எங்கள் சோரின், வாய் நீண்ட ஒரு பெண், அதை வைத்து ரகளை பண்ணிவிட்டாள். எதிரே அமெரிக்கப் பிரதிநிதி ஸ்டீவன்சனாக நின்ற பையனும் சளைக்கவில்லை. நிஜ ஸ்டீவன்சன் நரகம் உறைகிற வரை உன் பதிலுக்குக் காத்திருக்கத் தயார் என்றாரே, அதை அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதும் வகுப்பு அதிர்ந்தது. கைதட்டல், விசில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள்.

மணி அடித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "மிஸ், யார் ஜெயிச்சா? தீர்ப்பு சொல்லுங்க" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நடத்தியது பட்டிமன்றம்! நாம் பிள்ளைகளுக்குப் பேசத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். ஆண்டு விழா, கோயில் திருவிழா, தீபாவளிக்கு டிவி, எங்கே பார்த்தாலும் இரண்டு அணி, நடுவில் ஒரு நடுவர், கடைசியில் அவர் தீர்ப்பு. இந்த விவகாரத்தில் நடுவர் யார்? எதிராளியைச் சிரிக்கவைத்து மடக்கினால் ஏவுகணை கப்பல் ஏறிவிடுமா? மடங்கின ஆள் முகம் சிவந்து இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான். ஒரு வருஷம் எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் மேடையை எடுத்துவிட்டேன். பார்வையாளர் யாரும் கிடையாது. அமெரிக்கா பதினோராம் வகுப்பு அறையில், சோவியத் வேதியியல் கூடத்தில், கியூபா சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில், துருக்கி மாடிப் படிக்கட்டில். ஐ.நா.வின் அப்போதைய தற்காலிகப் பொதுச்செயலாளர் ஊ தாண்டுக்கு நூலகம். அவர் பர்மாவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர் என்று சொன்னதும் எங்கள் தலைமையாசிரியருக்கு ஒரு பூரிப்பு, "சனிக்கிழமை முழுக்க எடுத்துக்கோங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டார். ஊ தாண்டின் அலுவலகத்தில் அவருக்கு வலதுகையாக இருந்தவர் நம்மூர் ஐ.சி.எஸ். அதிகாரி சி.வி. நரசிம்மன். 1966-இல் எம்.எஸ். ஐ.நா.வில் பாடியதற்குப் பின்னால் இருந்தவரும் அவரேதான். உனக்குப் பிடிக்குமே என்று எழுதுகிறேன், பிள்ளைகளுக்கு எம்.எஸ். யார் என்பதையே தனியாகச் சொல்லவேண்டியிருந்தது.

இருபது நிமிஷம் ஒரு நாள் என்று கணக்கு. யாரும் யாரையும் நேரில் பார்த்துப் பேசக்கூடாது, எல்லாம் கடிதத்தில்தான். கடிதம் கொண்டுபோக ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன். அதில்தான் என் சூட்சுமம். குருஷ்சேவ் 26-ஆம் தேதி எழுதிய நீளக் கடிதம் வாஷிங்டனுக்கு முழுதாக வந்து சேர ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆனது. சோவியத் தூதர் தோப்ரினின் தந்தி அனுப்ப வேண்டுமென்றால் வெஸ்டர்ன் யூனியன் பையன் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவானாம், வழியில் எங்கேயும் நின்றுவிடக் கூடாதே என்று இவர் வேண்டிக்கொள்வாராம். உலகம் எரியுமா எரியாதா என்பது ஒரு சைக்கிள் பையன் கையில்! பன்னிரண்டு மணி நேரம் என்றால் என் கணக்கில் பத்து நிமிஷம். ஆகவே பொடியன் ஒவ்வொரு கடிதத்தோடும் மைதானத்தை இரண்டு சுற்று நடந்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். "தந்தி மாதிரி" என்று விளக்கப்போனேன். "தந்தின்னா பேப்பர்தானே மிஸ்?" என்றார்கள். இருபத்தைந்து வருஷம் தந்தி ஆபீசில் கட்டுக்கட கட்டுக்கட என்று தட்டியவளே, உன் தொழிலுக்கு வந்த கதியைப் பார்த்தாயா.

ஒன்றை மட்டும் விளக்காமலே புரிந்துகொண்டார்கள். கியூபாவைச் சுற்றிக் கடலில் முற்றுகை போட்டால் சட்டப்படி அது போர்ச் செயல் என்பதால் கென்னடி அதைக் 'குவாரண்டைன்' என்று பெயர் மாற்றிச் சொன்னார் இல்லையா? கொரோனாவில் தெருவைத் தகரம் வைத்து அடைத்ததைப் பார்த்த பிள்ளைகள், ஒருத்தி உடனே, "கியூபாவுக்குத் தகரம் அடிச்சிட்டாங்க" என்றாள். அன்றைக்குப் பூரா அதுவே பெயராகிவிட்டது. "தகரத்தைப் பிரிச்சா ஏவுகணையை எடுப்போம்" என்று வேதியியல் கூடத்திலிருந்து ஒரு கடிதமே வந்தது.

பதினொன்றரை மணி வாக்கில் பொடியனைக் காணோம். சுற்றப்போனவனைப் பி.டி. சார் பிடித்து, வாலிபால் வலை கட்ட நிறுத்திவிட்டார். அவன் சட்டைப்பையில் சோவியத்தின் சமாதானக் கடிதம். அதற்குள் இங்கே அமெரிக்கா, பதிலே இல்லை, ஏமாற்றுகிறார்கள் என்று கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அவர்கள் பொறுமையில்லாமல் எழுதிய இரண்டாவது கடிதமும் என் கைக்கு வந்தது. நான் திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது. போய்க் கூப்பிடவா என்று கால் பரபரத்தது. போகவில்லை. எனக்கு அன்று நானே கொடுத்துக்கொண்ட ஒரே மதிப்பெண் அதற்குத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு 27-ஆம் தேதி. கியூபாவில் இருந்த சோவியத் பீரங்கிக்காரனுக்கு ஒரு சீட்டு கொடுத்தேன்: "தலைக்கு மேல் உளவு விமானம். மேலதிகாரியைத் தொடர்புகொள்ள முடியவில்லை. என்ன செய்வாய்?" சுட்டுவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. நிஜத்திலும் அப்படித்தான், மாஸ்கோ உத்தரவு இல்லாமலே யு-2 விமானத்தை வீழ்த்தினார்கள், ஆண்டர்சன் என்ற விமானி இறந்தார். செய்தி போனதும் அமெரிக்க அறையில் தளபதியாக இருந்த பையன்கள் மேசையைத் தட்டினார்கள். "நம்ம ஆளைக் கொன்னுட்டான், இனிமே என்ன லெட்டரு?"

கென்னடி ஒரு அமைதியான பெண். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கவே யோசிப்பவள். வெளியே வந்து என்னிடம், "மிஸ், சுட்டது அவங்க சொல்லியா, சொல்லாமலா?" என்றாள். அதை யாரைக் கேட்க வேண்டும் என்று நீயே யோசி என்றேன். அவள் யோசித்தாள். கடிதமும் இல்லை, பொடியனும் இல்லை. தம்பி ராபர்ட்டாக இருந்தவனை நேராக அனுப்பினாள். விதிமீறல்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனும் தோப்ரினினும் தண்ணீர்த் தொட்டி அருகே குசுகுசுத்தார்கள். ராபர்ட் சொன்னது இதுதான்: நீங்கள் கியூபாவிலிருந்து எடுங்கள், துருக்கியில் இருக்கும் எங்கள் பதினைந்து ஜூபிடர் ஏவுகணைகளைச் சில மாதத்தில் எடுத்துவிடுகிறோம், ஆனால் வெளியே மூச்சு விடக்கூடாது. நிஜ ராபர்ட் கென்னடி அன்று இரவு சொன்னதும் இதேதான். அவர்கள் தாளில் நான் எழுதியிருந்தது, அந்த ஏவுகணைகள் பழசு, ஆனால் வெளிப்படையாக எடுத்தால் கூட்டாளிகள் நம்பமாட்டார்கள் என்பது மட்டும். மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பாய்.

ஒலிபெருக்கியில் 'மாஸ்கோ வானொலி' வாபஸ் அறிவித்ததும் ஓவென்று கத்தல். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, குருஷ்சேவின் 26-ஆம் தேதிக் கடிதத்தில் வரும் கயிற்றுப் பேச்சைச் சொன்னேன், நாம் இருவரும் இரண்டு முனையையும் இழுக்க இழுக்க முடிச்சு இறுகத்தான் செய்யும் என்று. மாடு வளர்க்கிற வீட்டுப் பையன், "ஆமா மிஸ், அப்புறம் அவுக்க முடியாது, அறுக்கணும்" என்றான். குருஷ்சேவும் அடுத்த வரியில் அதைத்தான் எழுதியிருக்கிறார்!

கென்னடியைப் பாராட்டி முடித்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் துருக்கி எழுந்தாள். காலையிலிருந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள். ஒரு கடிதம்கூட அவளுக்கு வரவில்லை. "எங்க வீட்டுச் சாமானை எங்களைக் கேக்காமயே பேசி முடிச்சிட்டீங்களா?" என்றாள். ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு வேலையே கொடுக்காமல் விட்டது என் தவறுதான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நிஜத் துருக்கிக்கும் அன்று அதுதானே நடந்தது, அந்தப் பேரம் பல வருஷம் வெளியே வரவில்லை. அவளைத் தொடர்ந்து கியூபத் தலைவர் காஸ்ட்ரோ. கொட்டகையில் ஒலிபெருக்கி வழியாகத்தான் அவனுக்கும் விஷயம் தெரிந்தது. உண்மைக் காஸ்ட்ரோவுக்கும் அப்படித்தான், வானொலி வந்த பிறகுதான். ஏவுகணை போய்விட்டதா என்று சோதிக்க ஆள் அனுப்ப வேண்டும் என்று ஊ தாண்ட் தாளை நீட்டினால், "நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று எழுந்து போய்விட்டான். சும்மா விளையாட்டுக்கு என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை கேட்டேன். புதன்கிழமையும் கேட்டேன். இன்றுவரை போடவில்லை. அந்தத் தாள் என் மேசையில்தான் கிடக்கிறது.

இன்னொருத்தி கேட்டாள், அப்போது இந்தியா என்ன செய்துகொண்டிருந்தது என்று. அக்டோபர் 20-ஆம் தேதி சீனா எல்லையில் தாக்கியது, நமக்கே அந்த வாரம் தீப்பிடித்த வாரம் என்றேன். இரண்டு நெருப்பும் ஒரே வாரம் என்பது அவர்களுக்கு நம்பவே முடியவில்லை. தமிழ் டீச்சருக்கு வேறொரு குறை. தூது என்று ஒரு நாள் பூராவும் நடத்திவிட்டு, அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் போனதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. பகைவன் ஆயுதசாலையைப் புகழ்கிற மாதிரிப் புகழ்ந்தே அவனுக்குப் போர்ப் பழக்கம் இல்லையென்று சொல்லிவிட்டு வந்தாளே, அவளை விடவா தோப்ரினின் என்கிறார். நியாயம்தான். அடுத்த வருஷம் ஔவையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அதற்காகத்தான் உன்னிடம் ஓர் உதவி. 2013 ஜூலையில் தந்தியை மூடியபோது, கொஞ்சம் வெற்றுப் படிவங்களை நினைவுக்காக எடுத்துவைத்தேன் என்று சொன்னாயே, அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒன்று அனுப்பு, நகல் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். அடுத்த தடவை சொல்லுக்கு இவ்வளவு காசு என்று வைக்கப்போகிறேன். எத்தனை சொல் வரை ஒரே கட்டணம், அதற்கு மேல் எப்படிக் கூடும், கையெழுத்தும் கணக்கில் வருமா என்று எல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே, மறந்துபோவேன்.

உன்
கலா

பி.கு.: பொடியனுக்கு அன்று மொத்தம் முப்பத்தாறு சுற்று. சம்பளமாக இரண்டு தேன்மிட்டாய் பாக்கெட் கேட்டான். கொடுத்துவிட்டேன்.