சான் கேப்ரியல் மலையில் பைன் நட்ட கைகளுக்கு

கலிபோர்னியாவின் பாசடீனா நகருக்கு மேலே, எரிந்து மொட்டையான சரிவுகளில் தியோடர் லூக்கன்ஸோடு நின்று மரம் வளர்த்த எல்லோருக்கும், நாற்றங்கால் வேலை தெரிந்த எங்கள் வணக்கம். லூக்கன்ஸ் பெயரில் அங்கே ஒரு சிகரமே இருக்கிறது. உங்கள் பெயர்கள் எதிலும் இல்லை. அதனால் இம்மடல் உங்களுக்கு.

பாசடீனாவின் மேயராக இருந்த அவர், மலை எரிந்தால் ஊருக்குத் தண்ணீர் தங்காது என்று உணர்ந்தவர். புதர் எரியும்போது எழும் மெழுகாவி மண்ணின் மேல்தட்டில் படிந்து நீரை உள்ளே விடாது. அடுத்த மழைக்குச் சேறும் பாறையும் பள்ளத்தாக்கில் இறங்கிவிடும்.

பைன் விதை அடங்கிய கூம்பு பறித்தவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. நாப்கோன் என்னும் பைன் வகை வறண்ட, சத்தில்லாத மண்ணிலும் பிழைக்கும். ஆனால் விதையை எளிதில் தராது. பிசினால் இறுகிய கூம்பு பல ஆண்டுகள் கிளையிலேயே ஒட்டிக் கிடக்கும், தீயின் சூடு பட்டால்தான் செதில் விரியும். தீ இல்லாத நாளில் அடுப்புச் சூடோ கொதிநீரோ காட்டித் திறக்க வேண்டும். சூடு மிஞ்சினால் விதை வெந்துவிடும்.

விதையை நேரே சரிவில் ஊன்றினால் எலியும் அணிலும் பறவையும் விடுவதில்லை. தப்பி முளைப்பதை மழையே இல்லாத நீண்ட கோடை தீர்த்துவிடும். 1903இல் அந்த மலைமேலுள்ள ஹென்னிங்கர் ஃபிளாட்ஸ் என்ற சமதளத்தில் நாற்றங்கால் அமைந்ததன் அருமை இதனால்தான் எங்களுக்குப் புரிகிறது. மலைமேலேயே வளரும் கன்றுக்கு அந்த வெயிலும் குளிரும் பழகிவிடும்.

பாத்திக்கு நீர் ஊற்றியவர்களே, உங்கள் வேலைதான் மிகக் கடினம் என்போம். ஒரு குடம் கூடினால் தண்டு அடியில் அழுகிப் பாத்தியே சாயும். குறைந்தால் ஒரு பகலில் கருகும். நிழல் தட்டியைச் சிறிது சிறிதாக விலக்கி வெயிலுக்குப் பழக்கினால்தான் கன்று சரிவில் நிற்கும். அந்த நாற்றங்காலின் விதையில் சுமார் 70,000 மரங்கள் எழுந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

கன்று சுமந்தவர்களுக்கும் நட்டவர்களுக்கும் நன்றி. வேர் சில நிமிடம் காற்றில் காய்ந்தாலே போதும், கன்று போய்விடும். ஈரச் சாக்கு விலகவே கூடாது. குழி ஆழம் குறைந்தால் ஆணிவேர் மடங்கும். மடங்கிய வேர் முதல் வருடம் பச்சையாகவே காட்டும், அடுத்த கோடையில்தான் சாகும். முதல் மழை மண்ணை நனைத்தபின், செங்குத்துச் சரிவில் ஒரு கால் ஊன்றி, வேரைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கிய உங்கள் கால்களுக்கும் எங்கள் நன்றி.