அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர் நொந்துபோய் எழுதியிருந்தார். பேரன் ஆசைப்பட்டான் என்று சூப்பர் ஹீரோ காமிக்ஸ் நாலைந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒன்றில் கதை பாதியிலேயே நிற்கிறது. இன்னொன்று நடுவில் ஆரம்பிக்கிறது. மிச்சம் இரண்டைப் பிரித்துப் பார்த்தால் அட்டைதான் வேறு, உள்ளே ஒரே கதை. ‘காசைக் கரியாக்கும் வேலை, யாரும் வாங்காதீர்கள்’ என்று முடித்திருந்தார். அவர் சொன்ன குறைகள் அத்தனையும் நிஜம். ஆனால் அதற்காக வாங்காமலே இருக்க வேண்டியதில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்று கடையில் யாராவது சொல்லியிருந்தால் போதும். மாதாமாதம் இதே யோசனையாகத் திரிகிறவன் என்பதால் நான் சொல்லிப் பார்க்கிறேன்.

கோட்டையூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர் மோட்டார், மிக்ஸி, மேசை விசிறி எல்லாம் வரும். காயில் கட்டி வார்னிஷ் ஊற்றிவிட்டால் அது காய்கிறவரை கை வைக்க முடியாது. அந்த நேரம்தான் எனக்குப் படிக்கிற நேரம். சின்ன வயதில் கையில் கிடைத்த முதல் காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அந்தக் கதையோடுதான். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், இரும்புக் கை மட்டும் தெரியும். எங்கள் தொழிலில் மின்சாரம் பாய்ந்தால் கைகூடத் தெரியாது, சுவரில் படமும் மாலையும்தான் தெரியும். அது கிடக்கட்டும்.

அப்புறம் 1984இல் சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸ் வந்தது. அதில் ஸ்பைடர் என்று ஒருவன் (ஸ்பைடர்மேன் வேறு, இவன் வேறு). கூர்க் காதும் கோணல் புருவமுமாக, பார்த்தாலே வில்லன் மாதிரி இருப்பான். முதலில் வில்லன்தான், பிறகுதான் நல்ல பக்கம் வந்தான். அந்தக் கதைகளை எழுதியது யார், வரைந்தது யார் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிரிட்டனில் அவை முதலில் வந்த வார இதழிலேயே பெயர் போடும் வழக்கம் இல்லை. ரொம்பப் பின்னால்தான் விஷயம் தெரிந்தது. ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஓவியர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல்! 1938இல் இரண்டு பேரும் சேர்ந்து சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வழக்கு, வேலை இழப்பு, பணமுடை. 1975 கடைசியில்தான் பெரிய போராட்டத்துக்குப் பிறகு ஆளுக்கு வருடம் 20,000 டாலரும், கதையில் ‘உருவாக்கியவர்கள்’ என்று பெயரும் கிடைத்தன. நடுவில், அறுபதுகளில், பிழைப்புக்காக சீகல் பெயரில்லாமல் எழுதிய கதையைத்தான் நாம் செட்டிநாட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து வாய்பிளந்து படித்திருக்கிறோம்.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து ஹீரோ முகத்தைப் பார்த்துப் புத்தகம் எடுப்பதை விட்டுவிட்டேன். கல்யாணத்தில் பந்தி எங்கேயும் அதே வெள்ளைப் பணியாரம், அதே கவுனி அரிசிதான். ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் சமையல் யார் என்று விசாரித்துவிட்டுத்தானே இலையில் உட்காருவார்கள். பேட்மேனும் அப்படித்தான். பேட்மேன் கம்பெனிச் சொத்து. 1939இலிருந்து எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், இன்னும் எழுதுவார்கள். அதில் யார் கை என்பதுதான் கேள்வி. அட்டையில் பொடி எழுத்தில் மூன்று நான்கு பெயர்கள் இருக்கும். எழுதியவர், வரைந்தவர், வண்ணம் கொடுத்தவர். அதை முதலில் படியுங்கள். பிடித்துப்போன பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவர் எந்த ஹீரோவிடம் போனாலும் பின்னாலேயே போகலாம். அல் யூவிங் என்று ஒருவர். 2018இலிருந்து 2021 வரை ஹல்க்கை வைத்து 50 இதழ் எழுதினார். ஹல்க்கை எனக்கு என்றைக்குமே பிடிக்காது, அதைப் பேய்க்கதையாக மாற்றி என்னைப் படிக்க வைத்துவிட்டார்.

சரி, பெரியவர் சொன்ன குறைகளுக்கு வருகிறேன். கதை பாதியில் நிற்பது அச்சுப் பிழை இல்லை. அமெரிக்காவில் புதன்கிழமை தோறும் புது இதழ்கள் கடைக்கு வரும். ஒவ்வொன்றும் இருபது பக்கச் சொச்சம்தான், விலை 3.99 அல்லது 4.99 டாலர். ஐந்து அல்லது ஆறு இதழ் சேர்ந்தால்தான் ஒரு கதை. நம் ஊருக்கு வரும்போது ஒரு மெல்லிய இதழுக்கே 400 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும், தபால் செலவு தனி. அதனால் நான் தனி இதழ் வாங்குவதே அபூர்வம். அந்த ஐந்தாறு இதழ்களையும் ஒன்றாகக் கட்டித் தொகுப்பாகப் பிறகு வெளியிடுவார்கள். சில மாதம் பொறுத்தால் காசும் மிச்சம், கதையும் முழுசு. முதுகில் ஒன்று, இரண்டு என்று தொகுதி எண் இருக்கும். ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே கதை, வேறு அட்டை என்பது வியாபாரத் தந்திரம். ஒரு இதழுக்கே நாலைந்து அட்டை போடுவார்கள், பத்துக்கு மேலும் போடுவதுண்டு. 1991இல் எக்ஸ்-மென் முதல் இதழை ஐந்து அட்டையில் போட்டு 80 லட்சம் பிரதிக்கு மேல் தள்ளிவிட்டார்கள். பின்னால் விலை ஏறும் என்று ஆளாளுக்கு வாங்கிப் பூட்டி வைத்தார்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கிற பொருளுக்கு எப்படி விலை ஏறும்? சில வருடத்தில் சந்தை படுத்து, 1996இல் அந்த எக்ஸ்-மென்னை வெளியிட்ட மார்வெல் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் நண்பர், ‘உன்னிடம் இருப்பதெல்லாம் இன்றைக்கு விற்றால் என்ன போகும்?’ என்று பார்க்கிற போதெல்லாம் கேட்பார். எடைக்குப் போட்டால் என்ன போகுமோ அதுதான் என்பேன். சூப்பர்மேன் அறிமுகமான 1938ஆம் வருட இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்குப் போனது உண்மைதான். அது ஏன் போனது? அந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார்கள், இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டியபோது மூட்டை மூட்டையாகப் போய்விட்டது, மிஞ்சியது கொஞ்சம். பேரனுக்கு வாங்குகிற புத்தகத்தை முதலீடாக நினைக்க வேண்டாம். தோசை மாவுக் கையோடு புரட்டட்டும்.

இனி என்ன வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். மாதம் 2,000 ரூபாய் இதற்கென்று ஒதுக்குகிறேன். அதில் ஒரு தொகுப்பு நிச்சயம், சில மாதம் இரண்டு. சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகனிடம் மாத முதல் வாரமே பெயர்களைச் சொல்லிவிடுவேன். ஊருக்கு வரும்போது பல்லவன் ரயிலில் தூக்கிக்கொண்டு வருவான், ‘மாமா, இது உங்களுக்கே ஓவராக இல்லையா?’ என்று கேட்டுக்கொண்டே கொடுத்துவிட்டு, திரும்பிப் போவதற்குள் அவனே படித்து முடித்திருப்பான்.

பெரியவரின் பேரனுக்குப் பத்து வயது சுமார் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அவனுக்கு என் முதல் சிபாரிசு பேட்மேனும் சூப்பர்மேனும் சேர்ந்து வரும் ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’. 2022இல் தொடங்கியது. எழுதியவர் மார்க் வெய்ட், வரைந்தவர் கோஸ்டாரிகா நாட்டு டான் மோரா. முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டமும் பாய்ச்சலுமாக இருக்கும், யாரும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பதில்லை. நாம் சின்ன வயதில் எதற்காகக் காமிக்ஸ் படித்தோமோ அது அப்படியே இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ‘சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ’. எட்டே இதழ், ஒரே தொகுப்பில் முழுக்கதை, தொடரும் போட்டு ஏமாற்றாது. அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்கக் கிளம்பும் ஒரு சின்னப் பெண், கூட்டாளி தேடிப் போன இடத்தில் சூப்பர்கேர்ளைப் பார்க்கிறாள். சூப்பர்கேர்ளுக்கு அன்று இருபத்தோராவது பிறந்தநாள். சிவப்புச் சூரியன் இருக்கும் கிரகத்தில் அவளுக்குச் சக்தி இருக்காது, குடித்தால் போதை ஏறும். அதற்காகவே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். (இந்த இடத்தில் பெரியவர் புருவத்தை உயர்த்துவார் என்று தெரியும். அதனால்தான் பெரிய பிள்ளைகளுக்கு என்றேன்.) எழுதியது டாம் கிங். ஆனால் நான் வாங்கியது வரைந்தவருக்காக. பிரேசில் நாட்டுப் பெண் பில்கிஸ் ஈவ்லி. துணி மடிப்பு, தலைமுடி, வேற்றுக் கிரகத்துச் செடி என்று ஒவ்வொன்றையும் அவர் இழைத்திருக்கும் விதத்தைப் பார்க்கும்போது நம் ஊர் நிலைக்கதவில் உளி பிடித்தவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பெரியவர்களுக்கு என்றால், பெரியவரே படிக்கலாம் என்கிறேன், ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’. 2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மன் எழுத, மார்கோ கெக்கெட்டோ வரையத் தொடங்கியது. இதில் ஸ்பைடர்மேனாகும் பீட்டர் பார்க்கர் பள்ளிக்கூடப் பையன் இல்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், தாடி வைத்திருக்கிறார். இந்த வயதில் போய்ச் சிலந்திச் சக்தி கிடைக்கிறது. எல்லாக் கதையிலும் ஆரம்பத்திலேயே செத்துப்போகும் பென் பெரியப்பா இதில் உயிரோடு இருக்கிறார். அதுவும் பத்திரிகைக்காரராக! வேலை பார்க்கும் நாளிதழ் கெட்ட கைக்குப் போய்விட்டது என்று அவரும் கூட வேலை பார்க்கும் ஜேம்ஸனும் வேலையை உதறிவிட்டு, சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்குகிறார்கள். சண்டைக் காட்சிகளைவிட அந்த இரண்டு கிழவர்களும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாதாடும் பக்கங்களைத்தான் நான் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஆசிரியர் அவர்கள் இதற்காகவே வாங்கலாம்.

என் சொந்த விருப்பம் ‘அப்சல்யூட் பேட்மேன்’. 2024 அக்டோபரில் வந்தது, ஸ்காட் ஸ்னைடர் எழுத்து, நிக் டிரகோட்டா ஓவியம். இதில் பேட்மேனாகும் புரூஸ் வேனுக்கு மாளிகை இல்லை, சொத்து இல்லை, வேலைக்காரர் இல்லை. அப்பா பள்ளி ஆசிரியர், கொல்லப்பட்டுவிட்டார், அம்மா இருக்கிறார். மகன் இன்ஜினியர், கையில் இருப்பதை வைத்துத் தானே கருவி செய்துகொள்கிறான். மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றிப் பிடி மாட்டினால் கோடரி. ஒரு பட்டறைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பிடி எந்தப் பூட்டில் மாட்டும் என்று நான் அரை மணி நேரம் யோசித்தேன். ரத்தம் அதிகம், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இதே வரிசையில் ‘அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்’ ஒரு வினோதம். மனிதர்களின் எண்ணம் கலர் கலராகப் புகைபோலத் தெரியும். ஹாவியர் ரோட்ரிகஸ் தானே வரைந்து தானே வண்ணமும் தீட்டியிருக்கிறார். கதை டெனிஸ் கேம்ப். முதல் தடவை எனக்குப் பாதிதான் புரிந்தது, படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பத்துப் பதினைந்து தொடர்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, ‘இந்த வருடத்தின் மகா யுத்தம்’ என்று வருகிற எதையும் நான் தொடுவதில்லை. காரணம் சொல்லவும் நேரம் வீண்.

வாங்கியதைப் பாதுகாப்பது பற்றி ஒரு வார்த்தை. சும்மா விட்டால் ராமபாணப் பூச்சி தாளைத் தின்றுவிடும். அலமாரியில் வசம்பு போட்டு வைத்திருக்கிறேன். காகிதம் சேர்ப்பவனைப் பைத்தியம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. ரோஜா முத்தையா எங்கள் கோட்டையூர்க்காரர்தான். புத்தகம், பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று சுமார் ஒரு லட்சம் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. தங்கள் சிறுவர் இணைப்பில் வாராவாரம் ஒரு பக்கப் படக்கதை வருகிறது. இப்போது வந்துகொண்டிருக்கும் யானைப் பாகன் கதையில் கோடுகள் அருமையாக இருக்கின்றன. ஆனால் எழுதியவர் பெயரும் இல்லை, வரைந்தவர் பெயரும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ஓரத்தில் பொடி எழுத்திலாவது போடுங்கள். அவர் வேறு எங்காவது வரைந்திருந்தால் அதையும் வாங்குவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கோட்டையூர்.