ஸ்டேட்டஸ் பார்த்தேன் என்றாயே

அறந்தாங்கி
மார்கழி 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். இரண்டு நாளைக்கு ஒருமுறை போனில் பேசுகிறோமே, இதில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும், இல்லாவிட்டால் அம்மா போனை வாங்கிக்கொள்வாள். 37 வருஷம் ஊராரின் கடிதங்களைச் சுமந்து பழகிவிட்டேன். மனதில் கிடப்பதைத் தாளில் வைத்தால்தான் எனக்கு முழுதாகச் சொன்ன மாதிரி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் வீட்டுப் பெண்ணைப் பற்றி உன்னிடம் கேட்டேன். அவளோடு பேசினாயா என்றதற்கு, "பேசலப்பா, ஆனா தினமும் ஸ்டேட்டஸ் பாக்குறேன், நல்லாத்தான் இருக்கா" என்றாய். அப்புறம் பேச்சு குளிர், கம்பளி என்று வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவள் நன்றாக இல்லை பாப்பா.

என்ன விஷயம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேருக்கு நான் கடிதம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு வாசலில் வாசித்ததை அடுத்த வாசலுக்குக் கொண்டுபோனதே இல்லை. அவள் என்னிடம் சொன்னதும் அப்படித்தான். உன்னிடம் அவளேதான் சொல்ல வேண்டும். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நூலகத்திலிருந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "மாமா" என்று கூப்பிட்டாள், பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் ஏற வேண்டிய பஸ் இரண்டு வந்து போயின. வீட்டுக்கு வந்து அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தால், அன்று காலையில் அவள் வைத்திருந்தது பிள்ளை புதுச் சட்டை போட்டுச் சிரிக்கிற படம். அதைத்தான் நீயும் மான்செஸ்டரில் பார்த்திருப்பாய்.

அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளை சிரித்ததும் உண்மைதான். இருநூறு பேர் பார்க்கிற இடத்தில் யார் தன் கஷ்டத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள்? நம் வீடுகளில் திண்ணை வரைக்கும் வருகிறவர்களுக்கு ஒரு பேச்சு, அடுப்படி வரைக்கும் வருகிறவர்களுக்கு ஒரு பேச்சு என்பது எப்போதும் உள்ளதுதானே. நீ அவள் வீட்டு அடுப்படிக்குள் போய்ச் சட்டியில் இருப்பதை எடுத்துத் தின்று வளர்ந்தவள். இப்போது தினமும் திண்ணையை எட்டிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கிறாள் என்று போகிறாய். அதுதான் எனக்கு வலிக்கிறது.

போன் வந்ததால்தான் எல்லாம் கெட்டது என்று எழுத வரவில்லை. எங்கள் காலத்திலும் இது இருந்தது. பொங்கல் நெருங்கினால் பத்து நாளைக்கு நான் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவேன், உனக்கு நினைவிருக்கும். மூட்டை மூட்டையாக வாழ்த்து அட்டைகள் வந்து இறங்கும். பசுவும் கன்றும், கரும்பு, பொங்குகிற பானை, சினிமா நடிகர் படம். உறையை ஒட்டாமல் புக் போஸ்ட்டில் போட்டால் செலவு குறைவு என்பதால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட முப்பது பேருக்கு அனுப்புவார்கள். உள்ளே அச்சடித்த நாலு வரி, கீழே பெயர். அவ்வளவுதான். சில வீடுகளில் வந்த அட்டைகளைக் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டு, யாருக்கு அதிகம் வந்தது என்று எண்ணுவார்கள். குறைவாக வந்த பையன் என்னிடம், "சார், பையில இன்னும் இருக்கா பாருங்க" என்று கேட்பான். நீங்கள் லைக் எண்ணுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பையன் முகம்தான் வருகிறது.

அதே ஊருக்குத்தான் இன்லண்ட் லெட்டரும் வந்தது. நீல நிறத் தாளில் மடிப்பு ஓரம் வரைக்கும் எழுதி, இடம் போதாமல் பசை தடவுகிற மடிப்புக்குப் பக்கத்திலும் நாலு வரி சுற்றி எழுதியிருப்பார்கள். ஒருவர் ஒருவருக்கென்று உட்கார்ந்து எழுதியது. நான் தபால் கொடுத்த தெருக்களில், அதாவது என் பீட்டில், ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய சிநேகிதர் மலேசியாவில் தோட்ட வேலைக்குப் போனவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏரோகிராம், வெளிநாட்டுக்கு எழுதுகிற மடிப்புத் தாள், வரும். ஒரு தடவை நான் கொடுத்ததும் பெரியவர் பிரிக்கவில்லை, மேலே இருந்த முகவரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "கை நடுங்குதுப்பா அவனுக்கு" என்றார். உள்ளே நலம் என்றுதான் எழுதியிருந்தது. எழுத்து வேறு சொன்னது. அன்று சாயங்காலமே பதில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடிதம் வர வேண்டிய மாதத்தில் வராவிட்டால் அந்தப் பெரியவர் வாசலில் வந்து நிற்பார். என்னவோ ஏதோ என்று ஒரு பதைப்பு. அந்தப் பதைப்பில்தான் அடுத்த கடிதம் எழுதப்பட்டது. இப்போது அந்தப் பதைப்பே வருவதில்லை பாப்பா. தினமும் படம் வருகிறது. மனசு சமாதானமாகிவிடுகிறது. அதனால் கேட்பதற்கு ஒன்றும் இல்லாதது போல் ஆகிவிடுகிறது. நீ அவளை மறந்துவிட்டாய் என்று நான் சொல்லவே மாட்டேன். தினமும் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் பேசாமல் இருக்கிறாய்.

சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ படித்த உன் தம்பியிடம் இதைச் சொன்னேன். இதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று அவன் பல விஷயம் சொன்னான். அமெரிக்காவில் ராபர்ட் க்ரௌட் என்கிற பேராசிரியர் 1998-ல், வீட்டுக்கு இணையம் வந்தவர்களுக்குத் தனிமை கொஞ்சம் கூடியது என்று எழுதினாராம். சில வருஷம் கழித்து அதே வீடுகளைத் திரும்பப் பார்த்தபோது அந்தப் பாதிப்பு பெரும்பாலும் காணவில்லையாம். அதனால் அவரும், ஃபேஸ்புக்கிலேயே வேலை பார்த்த மோய்ரா பர்க் என்கிற ஆய்வாளரும், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை விட்டு, என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். 2016-ல் வந்த ஆய்வு அது. நெருங்கியவர் ஒருவர் நமக்கென்றே எழுதிய வார்த்தைகள் வந்தால் மனநிலை மேம்படுகிறது, வெறும் லைக்குக்கும் எல்லோருக்கும் பொதுவாகப் போடுகிற பதிவுக்கும் அந்தப் பலன் இல்லை என்று கண்டார்களாம். அவன் சொல்லி முடித்ததும், "இன்லண்ட் லெட்டரும் பொங்கல் வாழ்த்தும்தானேடா" என்றேன்.

இன்னொன்றும் சொன்னான். 2018 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த தேர்தலுக்கு முன்னால், சிலருக்குப் பணம் கொடுத்து நாலு வாரம் ஃபேஸ்புக்கை மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூடியவர்கள் வீட்டாரோடும் சிநேகிதர்களோடும் முன்பைவிட அதிக நேரம் இருந்தார்களாம், மனசும் கொஞ்சம் தெளிவாக இருந்ததாம். ஆனால் நாட்டு நடப்பு தெரிவது குறைந்துபோனதாம். கொஞ்சம்தான் என்று தம்பி அழுத்திச் சொன்னான். சரி, அதை நான் பெரிதாக்கவில்லை. உன்னை மூடச் சொல்லவும் மாட்டேன்.

எப்படிச் சொல்வேன்? கஜா புயல் அடித்த வாரத்தை நினைத்துப் பார். 2018 நவம்பர் 16, விடிவதற்குள் தென்னை எல்லாம் சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நீ அங்கே போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. எங்களுக்கு என்ன ஆனதோ என்று நீ தவித்தது எங்களுக்குத் தெரியாது, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பது உனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் மத்தியானம் அவள்தான் வந்தாள். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததில் வண்டி ஒன்றும் போகாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிளைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து வந்திருக்கிறாள். கால் எல்லாம் கீறல். "மாமா, அத்தை, ரெண்டு பேரும் வெளிய வந்து நில்லுங்க" என்று ஓடு பறந்துபோன வீட்டுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, சிக்னல் எங்கே கிடைக்கிறதோ பார்க்கிறேன் என்று திரும்ப நடந்தாள். மெயின் ரோட்டில் ஒரு கடைக்காரர் ஜெனரேட்டர் போட்டு எல்லார் போனுக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அங்கிருந்துதான் அந்தப் படம் உனக்கு வந்தது. வார்டில் ஸ்டோர் ரூமுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன் என்று பின்னால் சொன்னாயே, அந்தப் படம்.

அந்த வாட்ஸ்அப் இல்லாவிட்டால் நீ இன்னும் எத்தனை நாள் தவித்திருப்பாய். அதே வாரத்தில் எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பேசிப் பேசித்தான், எந்த ஊருக்குத் தார்ப்பாய் வேண்டும், எங்கே குடிதண்ணீர் இல்லை என்று தெரிந்து வண்டி அனுப்பினார்கள். எனக்கே நாற்பது வருஷமாகக் காணாமல் போயிருந்த பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் ஃபேஸ்புக்கில்தான் கிடைத்தான். மும்பையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறோம். இதையெல்லாம் அனுபவித்துவிட்டு நான் எப்படி அதைத் திட்டுவேன்? ஆனால் ஒன்று பாப்பா. அன்றைக்குப் போன் கொண்டுபோய்ச் சேர்த்தது படத்தை. அந்தப் படத்தை எடுக்க ஒருத்தி நடந்து வர வேண்டியிருந்தது.

உன் நாட்டில் ராபின் டன்பார் என்று ஒருவர், ஆக்ஸ்போர்டில் இருப்பவர், மனிதரால் உண்மையாகப் பழகி வைத்துக்கொள்ள முடிகிறவர்கள் சுமார் 150 பேர், அதிலும் ரொம்ப நெருக்கம் ஐந்து பேர் என்கிறார். நேரில் பார்க்காத நட்பு தேயும், இணையம் அந்தத் தேய்வை மெதுவாக்கும், நிறுத்திவிடாது என்றும் சொல்லியிருக்கிறாராம். 150 சரியா என்று எனக்குத் தெரியாது. ஐந்து என்பதை நம்புகிறேன். என் பீட்டில் எல்லா வீட்டுப் பெயரும் எனக்குத் தெரியும், என் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி முழுக்கக் கூட இருந்தவர்கள் நாலே பேர். உன் ஐந்தில் அவள் இல்லை என்று நீ சொன்னால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. சொல்ல மாட்டாய். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் ஆளுக்கொன்று இருந்தும், பேசிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போனவர்கள் நீங்கள்.

உன்னை மட்டும் குற்றம் சொன்னால் அது நியாயமாக இருக்காது. நானும் இதையே செய்தேன். போன வருஷம் நீ ஏரிக்கரையில் நின்று சிரிக்கிற படம் போட்டிருந்தாய். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று நானும் அம்மாவும் திரும்பத் திரும்ப அதைப் பார்த்தோம். அந்த வாரம் முழுக்க நீ காய்ச்சலில், கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாமல் அறையில் தனியாகக் கிடந்தாய் என்பது ஆறு மாதம் கழித்து வாய் தவறி நீ சொன்னபோதுதான் தெரிந்தது. அது பழைய படமாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய், நான் கேட்கவில்லை. அந்த நாட்டில் 2018-ல் தனிமைப் பிரச்சினையைக் கவனிக்கவென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள் என்று பின்னால் பேப்பரில் படித்தபோது யாருக்கோ என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள் என்று தோன்றவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை தாயி. அதனால்தான் இப்போதெல்லாம் "சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாமல் நோண்டி நோண்டிக் கேட்கிறேன்.

உன் வேலை எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் நின்று, வீட்டுக்கு வந்தால் பேச வாயே வராது என்று சொல்லியிருக்கிறாய். நீண்ட நேரம் பேச வேண்டாம். எடுத்தவுடன் "என்னடி ஆச்சு" என்றும் கேட்டுவிடாதே, அப்பா சொன்னார் என்றும் சொல்ல வேண்டாம். அந்தப் புயல் படத்தைப் பார்த்தேன், உன் ஞாபகம் வந்தது என்று ஆரம்பி. அப்புறம் அவள் பேசட்டும். வீடியோ வேண்டாம். முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்காது, அவளுக்கும் சௌகரியமாக இருக்கும். குழந்தை ஒன்பது மணிக்குத்தான் தூங்குகிறதாம், அதற்கு மேல் பேசினால் தொந்தரவு இருக்காது. உனக்கு அப்போது மத்தியானம் மூன்றரை. வியாழக்கிழமை உனக்கு லீவு என்று அம்மா சொன்னாள்.

இந்தக் கடிதம் தபாலில் வந்து சேர நாளாகும் என்பதால் தம்பியை விட்டுப் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பச் சொல்கிறேன். தாளையும் தனியாகத் தபாலில் போடுகிறேன். அம்மா தேன்குழல் சுட்டு வைத்திருக்கிறாள். அதில் ஒரு பொட்டலம் நாளைக்குத் தையல்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், நீ கொடுக்கச் சொன்னதாகச் சொல்லட்டுமா?

அன்புடன்,
அப்பா