செப்டிக் டேங்க் தரைத்தள வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை மாநகராட்சி 2011-ல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளில் பாதாள சாக்கடை எட்டாத தெருக்கள் இன்னும் உண்டு. அங்குள்ள அடுக்குமாடிகளில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே செப்டிக் டேங்க்தான். கழிவுநீர் எதிர்த்தால் முதலில் பொங்குவது தரைத்தளக் கழிப்பறையில். "உங்க வீட்டு அடைப்பு, நீங்களே பாத்துக்குங்க" என்று மாடி வீட்டுக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

கழிப்பறைக் கோப்பையிலிருந்து பொதுக் குழாயில் சேரும் இடம் வரை அந்தந்த வீட்டு உரிமையாளர் பார்க்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் பொதுக் குழாய், சேம்பர்கள், டேங்க், அதிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணறு எல்லாம் குடியிருப்புச் சங்கத்தின் பொறுப்பு. செலவுப் பங்கு சங்க விதிகளில் (பைலா) எப்படி இருக்கிறதோ அப்படி. அதில் தெளிவில்லை என்றால் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு எழுதி வைக்கலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரரும் பங்கு தர வேண்டும், டேங்க் அவருக்கும் சொந்தம்தானே.

லாரி வைத்து டேங்க்கை உறிஞ்சிய பிறகு சங்கங்களில் அதிகம் கேட்கும் புகார், "லாரிக்காரர் ஏமாற்றிவிட்டார், நாலே நாளில் டேங்க் நிரம்பிவிட்டது" என்பது. செப்டிக் டேங்க் எப்போதும் வெளியேறும் குழாய் மட்டம் வரை நிரம்பித்தான் இருக்கும். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் எட்டு வீட்டில் உள்ள 32 பேருக்கு 4,320 லிட்டர். 15,000 லிட்டர் டேங்க் நாலாம் நாள் நிரம்பியே தீரும். பார்க்க வேண்டியது இரண்டு. தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு மேலே ஏறி நின்றால், அந்தக் குழாயில் அடைப்பு அல்லது உறைகிணறு உறிஞ்சவில்லை. எத்தனை லாரி வந்தாலும் பயனில்லை. அடுத்தது கசடின் உயரம். நீளமான கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடி வரை இறக்கி எடுத்தால் கருப்பாகப் படிந்த அளவே கசடு. இந்தியத் தர நிர்ணயக் கணக்கில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 77 லிட்டர் தங்கும். 32 பேருக்கு ஏறக்குறைய 2,450 லிட்டர். இரண்டே ஆண்டில் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு கசடுக்கே போய்விடும். அதற்கு மேல் விட்டால் கசடு உறைகிணற்றுக்குள் இறங்கி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். பிறகு புது உறைகிணறு தோண்ட வேண்டியதுதான்.

கார் பார்க்கிங்கை அழகாக்குகிறோம் என்று டேங்க் மூடி மேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். கடைசியில் ஒரு மூடியை மட்டும் உடைத்துத் திறந்து லாரிக் குழாயை விட்டால் வருவது வெறும் தண்ணீர். கனமான கசடு தங்குவது முதல் அறையில். ஒவ்வொரு அறை மூடியையும் திறக்கும்படி வைத்திருக்க வேண்டும். குழாயைத் திணிக்கும்போது உள்ளிருக்கும் T வடிவ 'டி' பைப் உடைந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது போனால் மேலே மிதக்கும் கழிவு ஏடு நேரே உறைகிணற்றுக்குப் போகும். கண்மாய் நிரம்பி நிலத்தடி நீர் ஏறும் ஐப்பசி, கார்த்திகைக்கு முன், ஆவணியிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

மழைநீர் வடிகாலில் இரவோடு இரவாகக் குழாய் சொருகுவது தீர்வல்ல. கிருதுமால் நதி ஏற்கெனவே படும் பாடு போதும்.

ஆளை உள்ளே இறக்கும் பேச்சே கூடாது. மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு தனிநபரையும் விட்டுவைக்கவில்லை. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். "நாங்கள் லாரிக்காரரிடம்தான் சொன்னோம்" என்று செயலாளர் தப்ப முடியாது. மறைமுகமாக அமர்த்தினாலும் குற்றமே. உரிமம் பெற்ற லாரியைக் கூப்பிட 14420 என்ற எண் இருக்கிறது. தேதியும் லிட்டர் அளவும் போட்ட ரசீதைச் சங்கக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

பாதாள சாக்கடை வந்த பிறகு டேங்க்கை நடுவில் வைத்தே இணைப்பு எடுக்க வேண்டாம். கடைசி சேம்பரிலிருந்து நேராகத் தெரு மேன்ஹோலுக்குக் குழாய் போட்டு, பழைய டேங்க்கை லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, மணல் நிரப்பி மூடிவிடலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
மதுரை.