கோர்ட் சீரியல் எழுதுபவர்களுக்கு: வழக்கை அவசரமாக முடிக்காதீர்கள்

சென்னைத் தொலைக்காட்சிகளில் தொடர்களை முடிவு செய்பவர்களுக்கும், கதை டிஸ்கஷனில் உட்காரும் எழுத்தாளர்களுக்கும் வணக்கம்.

கோர்ட்டை வைத்து ஒரு தொடர் ஆரம்பிக்கும், சில மாதங்களில் சத்தமில்லாமல் நின்றுபோகும். ‘சட்டமெல்லாம் ஜனங்களுக்குப் புரியாது, டி.ஆர்.பி. வராது’ என்று சொல்லி அடுத்த மாமியார் கதைக்குப் போய்விடுவீர்கள். இதை எழுதும் நாங்கள் சென்னையின் விசாரணை நீதிமன்றங்களில் வேலை பார்க்கும் வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள். எங்கள் கணிப்பு வேறு. ஒரு வழக்குக்குள் ஒரு வருடக் கதை இருக்கிறது. அதை நீங்கள் இரண்டே வாரத்தில் செலவழித்துவிடுகிறீர்கள். மூன்றாவது வாரம் கதாநாயகி கோட்டைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குத் திரும்புகிறாள்.

அமெரிக்காவில் ஏபிசி சேனல் 1995ல் ‘மர்டர் ஒன்’ என்றொரு தொடரைத் தொடங்கியது. முதல் சீசனின் 23 எபிசோடும் ஒரே கொலை வழக்கு. வாரம் ஒருமுறை வரும் தொடரில் நாலு வாரம் விட்டவரால் திரும்பக் கதைக்குள் நுழைய முடியாது. இரண்டாவது சீசனில் மூன்று வழக்குகளாக உடைத்துப் பார்த்தார்கள், 1997ல் மூடினார்கள். அதே சேனல் 2010ல் ‘தி ஹோல் ட்ரூத்’ தொடரில் நேரெதிராகப் போனது. எபிசோடுக்கு ஒரு வழக்கு, இரு தரப்பின் தயாரிப்பும் மாறி மாறி வரும், கடைசியில் உண்மை தெரியும். அது 13 எபிசோடோடு சரி. முதல் தொடருக்கு இருந்த சிக்கல் நமக்கு இல்லை. வாரம் ஆறு நாள் வருகிற கதையை வருடக்கணக்கில் பின்தொடரும் பார்வையாளர்கள் நம்முடையவர்கள். ஒரே கொலை வழக்கு இங்கே தாராளமாக ஓடும், நடைமுறையைத் தாண்டிக் குதிக்காமல் இருந்தால்.

கைதிலிருந்தே தொடங்குவோம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எழும்பூரோ சைதாப்பேட்டையோ, அங்கே ரிமாண்ட், பிறகு புழல். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும், குற்றம் எவ்வளவு கொடியதானாலும். ஆனால் அது தானாகக் கையில் வந்து விழாது. மனு போட வேண்டும், ஜாமீன்தாரர் தயாராக நிற்க வேண்டும். மனுவுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023ல் சொல்லிவிட்டது. மறுநாளிலிருந்து எண்ணிய இன்ஸ்பெக்டர் தொண்ணூறாவது நாள் என்று நினைத்துக் குற்றப்பத்திரிகைக் கட்டோடு வரும்போது அது தொண்ணூற்று ஒன்றாவது நாள். எதிர்த்தரப்புக் குமாஸ்தா காலையிலேயே மனுவோடு நிற்கிறார். அடியாளும் வேண்டாம், விபத்தும் வேண்டாம், ஒரு வாரம் ஓட இது போதும்.

அடுத்தது கதாநாயகி எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பது. அண்ணனைக் கொன்றவனுக்குத் தண்டனை வாங்கித்தர அவளே வாதாடுவதாக எழுதுகிறீர்கள். கொலை போன்ற செஷன்ஸ் வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர், பேச்சு வழக்கில் பி.பி. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வழக்கறிஞர் அவருக்கு உதவலாம், சாட்சி விசாரணை முடிந்தபின் அனுமதி பெற்று எழுத்துப்பூர்வ வாதம் கொடுக்கலாம். அவ்வளவுதான். இதைத் தடையாகப் பார்க்காதீர்கள். பி.பி.க்குப் பின் நாற்காலியில் உட்கார்ந்து துண்டுச் சீட்டில் கேள்வி எழுதித் தருகிறாள். அவர் அதைப் படிக்காமல் மடித்து வைக்கிறார். பத்து பக்க ஆவேச வசனத்தைவிட இதில் சூடு அதிகம்.

சாட்சி சொல்லும் காட்சிதான் எல்லாத் தொடரிலும் பாழாகிறது. சாட்சி பேசுவதை அப்படியே யாரும் பதிவு செய்வதில்லை. கேள்வியும் பதிலும் முடிந்ததும் நீதிபதி அதை வாக்கியமாக்கிச் சொல்ல, தட்டச்சர் அடிப்பார். ‘அவன் அங்கதான் சார் நின்னுட்டிருந்தான்’ என்பது ‘எதிரி சம்பவ இடத்தில் நின்றுகொண்டிருந்தார்’ என்று ஆகும் (கோர்ட் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்). ‘நின்றான் என்றுதான் சொன்னார் ஐயா, சம்பவ இடம் என்று சொல்லவில்லை’ என்று வழக்கறிஞர் எழுந்தால் அங்கே ஒரு போர். முதல் விசாரணையில் சொந்தச் சாட்சிக்குப் பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். உங்கள் தொடர்களில் இது தலைகீழாக நடக்கிறது.

சாட்சி மாற்றிச் சொன்னதும் வழக்கு செத்துவிடாது. அவரைப் பிறழ் சாட்சியாக்கி, பி.பி.யே குறுக்கு விசாரணை செய்யக் கோர்ட்டில் அனுமதி கேட்பார். அந்தச் சாட்சி சொன்னதில் நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். விசாரணையின்போது போலீஸ் எழுதிய சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தே இருக்கக் கூடாது; முரண்பாட்டைக் காட்டத்தான் அது பயன்படும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் அப்படியே கோர்ட்டில் செல்லாது. ஸ்டேஷனில் அடித்துக் கையெழுத்து வாங்கியதும் கதை முடிந்ததாகக் காட்டும் திரைக்கதையில் இதனால்தான் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

பென் டிரைவ் விஷயத்துக்கு வருவோம். கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து நீட்டப்படும் பென் டிரைவ் வேலைக்காகாது. புதிதாக ஒரு சாட்சியையோ ஆவணத்தையோ கொண்டுவர மனு போட வேண்டும், எதிர்த்தரப்புக்கும் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். சிசிடிவி நகல் என்றால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பாகம்: ஒன்றில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். கோப்புக்குக் கைரேகை போன்ற எண்ணான ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். நகலில் யாராவது கை வைத்தால் அந்த எண் மாறிவிடும். கதை எங்கே இருக்கிறது என்றால் மளிகைக் கடைக்காரரிடம். கையெழுத்துப் போட்டால் கூண்டேற வேண்டிவரும் என்று அவர் பயப்படுகிறார். கடையிலிருக்கும் ஹார்டு டிஸ்க்கோ நிறைந்ததும் பழைய பதிவை அழித்துக்கொண்டே போகிறது.

மரச் சுத்தியலைத் தூக்கிப் போடுங்கள், இந்திய நீதிபதிகள் அதைத் தட்டுவதில்லை. கீதை மேல் கைவைத்துச் சத்தியம் செய்வதும் இல்லை. 1969ம் ஆண்டுச் சட்டப்படி கடவுள் பெயரால் சத்தியமோ, உளமார உறுதியோ, வாயால் சொன்னால் போதும். கறுப்பு கவுன் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் கட்டாயம். கொலைக்கு 302 என்ற வசனம், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு, கதையில் கொலை 2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால் சரி, பிறகென்றால் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதனால் கொலை நடந்த தேதியை முதல் எபிசோடிலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள்.

குடும்ப வழக்கு எழுதுபவர்களுக்கு ஒன்று. ‘டைவர்ஸ் பேப்பரில்’ கையெழுத்து வாங்கியதும் விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டு ஆறு மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொன்னது. இடையில் ஒருவர் மனம் மாறலாம். சீரியலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

செட்டுக்குப் பெரிய செலவில்லை. பாரிமுனை உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தைப் போல எதையும் கட்டாதீர்கள், கொலை வழக்கு விசாரணை செஷன்ஸ் கோர்ட்டில்தான் நடக்கும். மேடைக்குக் கீழே பெஞ்ச் கிளார்க், பக்கத்தில் தட்டச்சர், கயிறு கட்டிய கட்டுகள், வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிடும் டவாலி, வாய்தா வாங்கக் காத்திருக்கும் வேறு வழக்குக்காரர்கள். அறையில் ஒரே ஒரு வழக்கு மட்டும் நடப்பதாகக் காட்டினாலே பொய்யாகிவிடும்.

திரைக்கதையைச் சரிபார்க்க விசாரணை வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரையும், ஓய்வுபெற்ற ஒரு பெஞ்ச் கிளார்க்கையும் கூப்பிடுங்கள். டப்பிங்கில் இல்லை, கதைச்சுருக்கம் எழுதும்போதே. சம்பளம் கொடுங்கள். டைட்டிலில் ‘சட்ட ஆலோசனை’ என்று பெயர் மட்டும் போடுங்கள். ஆபீஸ் முகவரியும் போன் நம்பரும் போட்டால், வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்ற பார் கவுன்சில் விதியில் அவர்தான் மாட்டிக்கொள்வார்.

இப்படிக்கு,
சென்னை விசாரணை நீதிமன்றங்களின் வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள் சிலர்