விமானங்களைப் படம் பிடிக்கும் மகனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். விமானக் கண்காட்சியில் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு அந்த நேரமே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா பக்கத்தில் நின்றாள், குரலும் விட்டு விட்டுத்தான் வந்தது. இத்தனை வருடம் ஸ்டூடியோ நடத்திய என்னிடம் நீ முதன்முறையாகத் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அதற்கு ஆறுதலாக உட்கார்ந்து எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் இருப்பதை மிகவும் நெருக்கிக் காட்டும் அந்த 600 எம்.எம். லென்ஸை வாங்காதே. பாவித்தது, விலை குறைந்து வருகிறது, இப்படி ஒன்று திரும்பக் கிடைக்காது என்றாய். கிடைக்காவிட்டால் போகட்டும். உன் கெனன் 90டி கமெராவுக்கு அதே கம்பனியின் 100-400 ஸூம் லென்ஸ், 2014இல் வந்த இரண்டாம் பதிப்பு, போதும். போதும் என்று சொல்வது காசுக்காக மட்டும் இல்லை. நீ செய்யும் வேலைக்கு அதுதான் பொருத்தம்.

போன வருடம் கனடாவில் செப்டெம்பரில் வரும் தொழிலாளர் தின விடுமுறையில் ஒன்ராறியோ ஏரிக்கரைக் கண்காட்சியில் எடுத்த படங்களை மின்னஞ்சலில் அப்படியே அனுப்பியிருந்தாய் அல்லவா? அவற்றை நான் மூன்று இரவு திரும்பத் திரும்பப் பார்த்தேன். படத்தோடு சேர்ந்து வரும் விவரங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். விமானம் தூரத்தில் இருந்ததால் தெளிவில்லை என்று நீ எழுதியிருந்தாய். மகன், தூரம் பாதிக் காரணம்கூட இல்லை. அந்த சிஎஃப்-18 போர் ஜெட்டின் படங்களில் ஷட்டர், அதாவது கமெரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், 1/250 வினாடியில் நிற்கிறது. அப்படிப் பாய்ந்து போகும் ஒன்றை 1/250இல் பிடித்தால் கலங்காமல் என்ன செய்யும்? ஜெட்டுக்கு 1/1000க்குக் கீழே இறங்காதே. அதற்கு நேர் எதிராக, லங்காஸ்டர் என்ற அந்தப் பழைய காற்றாடி விமானத்தின் படத்தில் 1/2000 வைத்திருக்கிறாய். நாலு காற்றாடியும் உறைந்துபோய், இயந்திரம் நின்ற விமானத்தை யாரோ வானத்தில் ஒட்டிவைத்தது போல இருக்கிறது. காற்றாடி விமானத்துக்கு 1/250, கை பழகிய பிறகு 1/125. அப்போதுதான் அது சுற்றுவது படத்தில் தெரியும். உன் பழைய 70-300 லென்ஸ் ஃபோகஸ் பிடிக்கத் தடுமாறுகிறது என்பதும் உண்மைதான். ஆகவே புது லென்ஸ் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதற்காகத் தேவை என்பதில்தான் உன்னோடு வாதாடுகிறேன்.

கலண்டர் தாளின் பின்புறத்தில் ஒரு கணக்குப் போட்டேன், நீயும் போட்டுப் பார். உன் கமெராவுக்குள் படம் விழும் சென்சரின் அகலம் 22.3 மில்லிமீற்றர். விமானம் உனக்கு 500 மீற்றர் தூரத்தில் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள். 600 லென்ஸில் உன் படத்துக்குள் அடங்கும் அகலம் ஏறக்குறைய பதினெட்டரை மீற்றர். அந்த ஜெட்டின் நீளம் 17 மீற்றர். மூக்குக்கு முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் சேர்த்து ஒன்றரை மீற்றர்தான் மிச்சம்! வேகத்தோடு போகிற ஒன்றை அந்த ஒன்றரை மீற்றருக்குள் யாரால் நிறுத்தி வைக்க முடியும்? வாலில்லாத விமானமும் மூக்கில்லாத விமானமுமாக ஆயிரம் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாய். 400 என்றால் 28 மீற்றர். விமானமும் இருக்கும், அது பாய்ந்து போவதற்கு முன்னால் கொஞ்சம் வானமும் இருக்கும். 100க்கு இழுத்தால் 111 மீற்றர். கனடாவின் ஸ்னோபேர்ட்ஸ் சாகச அணியின் ஒன்பது விமானமும் சேர்ந்து வரும்போது உனக்கு அதுதான் வேண்டும். அவர்கள் ஒன்றாக வந்து சட்டென்று பிரியும் அந்த நொடியில் ஸூம் இல்லாத 600 வைத்திருப்பவன் ஒரே ஒரு இறக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

சிக்மா கம்பனியின் 150-600 ஸூம் பற்றியும் கேட்டாய். கெட்ட லென்ஸ் என்று சொல்லமாட்டேன். விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று, தரையிறங்க வரும் பயணிகள் விமானங்களை எடுப்பவனுக்கு அது நல்லது. கண்காட்சிக்கு அதன் தொடக்க எண்ணான 150 கொஞ்சம் இறுக்கம். 600 முனையில் அதன் துவாரம் எஃப் 6.3 வரைதான் திறக்கும், உள்ளே வரும் வெளிச்சம் குறைவு; ஆகவே மேகம் மூடிய நாளில் ஷட்டரைக் குறைக்கவோ, வெளிச்சத்தைக் கமெரா உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டவோ வேண்டிவரும். 100-400க்குப் பின்னால் பூட்டி 1.4 மடங்கு நெருக்கிக் காட்டும் எக்ஸ்டெண்டர் போடலாமே என்றும் உனக்குத் தோன்றும். போட்டால் துவாரம் இன்னும் சுருங்கி எஃப் 8 ஆகிவிடும், ஃபோகஸ் பிடிக்கும் புள்ளிகளும் குறையும். இப்போதைக்கு வேண்டாம். உன் கமெராவில் 32 மெகாபிக்சலுக்கு மேல் இருக்கிறது, படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.

பாரத்தையும் யோசி. நீ பார்த்து வைத்திருக்கும் 600 ஏறக்குறைய 4 கிலோ. கமெராவோடு இன்னும் கூடும். இன்றைக்கே 4 கிலோ அரிசிப் பையைக் கண் உயரத்துக்குத் தூக்கி, விமானத்தைப் பின்தொடர்வது போல இடமிருந்து வலமாக இடுப்பைத் திருப்பிப் பார். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று எனக்கு எழுது. முக்காலி வைத்தால் தலைக்கு மேலே போகும் விமானத்தை எடுக்க முடியாது. 100-400 ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. மூன்று மணி நேரம் நிற்கும் கைக்கு இந்த வித்தியாசம் பெரியது.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ பிறப்பதற்கு முன், கொழும்பில் புறக்கோட்டைக் கடை ஒன்றில் 500 எம்.எம். மிரர் லென்ஸ் ஒன்று வாங்கினேன். இரண்டு கலியாண வீட்டுக் காசு. வாவியில் ஆலாவும் செம்பருந்தும் எடுக்க வேண்டும் என்ற ஆசை. எஃப் 8 என்றால் எஃப் 8தான், திறக்கவும் முடியாது மூடவும் முடியாது, ஃபோகஸ் கையால். கல்லடிப் பாலத்தில் நின்று எத்தனையோ பின்னேரம் முயன்றேன். அந்த வட்டத்துக்குள் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் பறவை போய்விடும். கடைசியில் ஒரு 70-210 ஸூமை எடுத்துக்கொண்டு போன நாளில்தான் முதல் செம்பருந்து படத்தில் விழுந்தது. சின்னதாகத்தான் விழுந்தது. ஆனால் கண் தெரிந்தது, இறகு தெரிந்தது. அந்தப் படம் முன் விறாந்தையில் தொங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும்.

2021 மார்ச்சில் கண் வைத்தியத்துக்குக் கொழும்பு போயிருந்தபோது காலிமுகத்திடலில் விமானப்படையின் 70ஆவது ஆண்டுக் கண்காட்சி நடந்தது. இந்தியாவின் சூரிய கிரண் சாகச விமான அணியும் வந்திருந்தது. கடன் வாங்கிய லென்ஸோடு போய் நின்றேன். இதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை. முதல் ஜெட் தாழ்வாக வந்தபோது என் கை கமெராவைத் தூக்கவில்லை. தோள் குறுகி, தலை தானாகக் குனிந்துவிட்டது. எனக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளை தகப்பனின் தோளில் இருந்து கைதட்டியது. உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, 2007 மார்ச்சில், போரினால் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைச் சனம் கிழக்கேயுள்ள எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து வந்ததும், அம்மம்மா நம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், குண்டு போடும் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டால் நீ அவளுடைய சேலைக்குள் முகத்தைப் புதைத்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு படம் எடுத்தேன்.

அம்மம்மா ஒன்று சொல்வாள்: சத்தம் வந்த பக்கம் பார்க்காதே, அது விட்டுப்போன இடம். அது சரியான கணக்கு. சத்தம் ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய 3 வினாடி எடுக்கிறது. மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் வரும் விமானம் அதற்குள் 600 மீற்றருக்கு மேல் போய்விடும். உன் பக்கத்தில் நிற்பவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பிக் கமெராவைத் தூக்குவார்கள். நீ சத்தத்துக்கு முன்னால் பார்க்கப் பழகியவன். லென்ஸை 100இல் வைத்து விமானத்தைப் பிடி, பிடித்த பிறகு 400க்குப் போ. ஸூம் வேண்டும் என்று நான் நிற்பதற்கு இதுவே முதல் காரணம்.

இன்னொன்று வெளிச்சம். வரைபடத்தில் பார்த்தேன். நீ நிற்கும் கரை தெற்கைப் பார்த்தது. கண்காட்சி நண்பகலுக்குப் பிறகு. சூரியன் உனக்கு எதிரே நிற்கும், விமானத்தின் வயிறு இருட்டாக விழும். காலிமுகத்திடலிலும் எனக்கு இதே பாடுதான், வெயில் கடல் பக்கம் சாய்ந்திருந்தது. பிரகாசமான வானத்தைப் பார்த்துக் கமெரா ஏமாந்துவிடும், ஆகவே வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் வரை, அதாவது இரண்டு மடங்கு வரை, கூட்டி வை. லென்ஸின் முன்னால் வெயிலை மறைக்கும் மூடாக்கைக் கழற்றாதே. முன்னால் மலிவான ஃபில்டர் எதையும் பூட்டாதே. வெயிலில் காய்ந்த கொங்கிரீட் தரைக்கு மேலால் எடுக்கவும் வேண்டாம். ஆவணி மாதத்து வயல்வெளி போலக் காற்று நெளியும், எவ்வளவு விலையான கண்ணாடியும் அதை நேராக்காது. தண்ணீர்ப் பக்கம் நெருங்கி நில்.

பாவித்த லென்ஸ் வாங்குவதென்றால் டோர்ச் லைட்டைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பார். சிலந்தி வலை போல மெல்லிய நூல் தெரிந்தால் பூஞ்சணம், தொடாதே. ஸூம் வளையத்தை மெதுவாகத் திருப்பு, எங்கும் கரகரக்கக் கூடாது. அதிர்வு தடுக்கும் சுவிட்சை இரண்டாம் நிலையில் வை, பக்கவாட்டில் பின்தொடர்வதற்கென்றே அது இருக்கிறது. தூர எல்லைச் சுவிட்சை 3 மீற்றர் முதல் என்ற இடத்தில் வை. வாங்கிய அன்றே கண்காட்சிக்குப் போகாதே. ஏரிக்கரையில் கடற்காகங்கள் இருக்குமே, ஒரு மாதம் அவற்றை எடு. பொத்தானை அழுத்திய பிறகும் இடுப்பு திரும்புவதை நிறுத்தாதே.

அம்மா இந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். திமிலைதீவு விமான நிலையப் பக்கம் விமானம் ஏறினால் அவள் இன்னும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே பார்க்கிறாள். ஏன் இவன் அதைப் போய்ப் படம் எடுக்கிறான் என்று கேட்டாள். உன் லங்காஸ்டர் படத்தைக் காட்டினேன். அதுவும் குண்டு போட்ட விமானம்தான், இரண்டாம் உலகப் போரில் என்று மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது என்ன செய்கிறது என்றாள். ஹமில்டனில் ஒரு நூதனசாலையில் நிற்கிறது, பறக்கக்கூடியது உலகத்திலேயே இரண்டுதான், அதில் இது ஒன்று, சனம் பார்ப்பதற்காகப் பறக்கிறது என்றேன்.

"அது வருவதற்கு முன்னமே சத்தம் கேட்குமா?" என்று கேட்டாள்.

கேட்கும், மெதுவாகத்தான் வரும் என்றேன்.

"அப்படியென்றால் அந்தக் காற்றாடி சுற்றுவது தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்" என்றாள். தாளில் அச்சடித்து, மார்கழியில் வருகிறவர்களிடம் கொடுத்துவிடு. செம்பருந்துப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா