வளைகோடு தானாக இறங்காது

அன்பு மகள் கயலுக்கு,

கண்ணு, உன் ஆய்வுச் சுருக்கத்தைப் படித்தேன். ஒரு நாட்டின் வருமானம் ஏறும்போது கரியமில வாயு உமிழ்வும் ஏறும், ஒரு கட்டத்துக்கு அப்புறம் இறங்கும் என்ற வளைகோட்டை வைத்து எழுதியிருக்கிறாய். அந்த இறக்கம் தானாக வராது என்பதுதான் மில்லில் கணக்கு எழுதிய எனக்குத் தோன்றுவது.

1990களில் கோயம்புத்தூர் மில்காரர்கள் முப்பந்தலில் காற்றாலை போட்டது பருவநிலையை நினைத்தல்ல. மின்வெட்டு ஒரு பக்கம், கரண்ட் பில் ஒரு பக்கம். போட்ட முதலீட்டைத் தேய்மானமாகச் சீக்கிரமே கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகையும் இருந்தது. கணக்கு ஒத்துவந்ததால் காற்றாலைகள் எழுந்தன.

நீ வட்டியைப் பார்க்க வேண்டும். நிலக்கரி நிலையத்துக்கு எரிக்க எரிக்கச் செலவு வரும். சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவே இல்லை, ஆனால் பெரும்பணத்தை முதலிலேயே கொட்ட வேண்டும். ஒரு கோடி கடன், 20 வருடத் தவணை என்று வைத்துக்கொள். 5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்குச் சுமார் 8 லட்சம் கட்டலாம். அதுவே 11 சதவீதம் என்றால் பன்னிரண்டரை லட்சம். அதே சூரியத் தகடு, அதே வெயில். நீ இருக்கும் ஜெர்மனியில் மலிவாகக் கிடைக்கும் கடன், வெயில் கொட்டிக் கிடக்கும் ஏழை நாடுகளுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. மின்சாரத்தை வாங்குகிறவர் பணம் தர மாதக்கணக்கில் இழுத்தடித்தால், வங்கி அந்த அபாயத்தையும் வட்டியில் ஏற்றிவிடும். 2017இல் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியதற்குத் தகடு விலை சரிந்தது ஒரு காரணம். மத்திய அரசு நிறுவனம் வாங்குகிறது, காசு தவறாமல் வரும் என்ற நம்பிக்கை இன்னொன்று.

2025இல் நம் நாட்டின் மின் நிறுவுதிறனில், அதாவது எல்லா நிலையங்களும் சேர்ந்து அதிகபட்சம் தரக்கூடிய அளவில், பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது என்ற நிலைக்கு வந்துவிட்டோம். சந்தோஷம்தான். ஆனால் உற்பத்தியாகும் பத்து யூனிட்டில் சுமார் ஏழு இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டில் விளக்கு, ஃபேன், ஏசி எல்லாம் ஓடுகின்றன. அந்த நேரத்துக்குச் சேமித்து வைக்க பேட்டரியோ, நீலகிரியின் குந்தாவில் கட்டுவதுபோல, மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது திறந்துவிடும் நீரேற்று மின் நிலையமோ வேண்டும். அவற்றுக்கும் முதலீடு தேவை, அதற்கும் வட்டி.

இன்னொன்று. ஊரடங்கு வந்த 2020இல் உமிழ்வு குறைந்ததை உன் வரைபடத்தில் நல்ல புள்ளியாகக் குறித்திருக்கிறாய். அந்த வருடம் வேலை போய் நெடுஞ்சாலையில் நடந்த குடும்பங்களை நீயும் பார்த்தாய். அமெரிக்கர் ஒருவர் வருடத்துக்கு ஏறக்குறைய 14 டன் கரியமில வாயு வெளியிடுகிறார், இந்தியர் சுமார் 2 டன். வறுமையால் வரும் குறைவைச் சாதனையாக எண்ணக் கூடாது கண்ணு. அந்த வருடத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டு.

வட்டி விகிதத்தையும் ஒரு காரணியாகச் சேர்த்து மறுபடி கணக்குப் போட முடியுமா என்று உன் பேராசிரியரிடம் கேள். வியட்நாம், கென்யா தரவு கிடைத்தால் அவற்றையும் சேர். வந்ததும் எனக்கு அனுப்பு, வரிவரியாகப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா